அக்கா எந்த மாநிலத்தில் இருக்கிறாள்?

“இது எந்த ஸ்டேட் அம்மா?”

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், அக்காவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த இளம் மருத்துவர் கேட்டார். அவர் கையில் ஒரு தாள். இன்றைக்கு என்ன கிழமை, இது என்ன மாதம், நூறிலிருந்து ஏழைக் கழித்தால் எவ்வளவு என்று முப்பது மதிப்பெண்ணுக்கான கேள்விகள் அதில் இருந்தன. மருத்துவர் கன்னடக்காரர். ஆங்கிலத்தில் கேட்டுவிட்டு, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொற்களையும் அன்போடு சேர்த்துக்கொண்டார். அக்கா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்துவிட்ட பிள்ளையைப் போல முகம் மலர்ந்து, “தஞ்சாவூர் ஜில்லா” என்றாள்.

தாளில் ஒரு சுழி விழுந்தது. மொத்தம் 30க்கு 9.

அந்த மருத்துவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார், எழுத வேண்டியதை எழுதினார். ஆனால் அதே கேள்வியை அடுத்த பதினான்கு மாதங்கள் மூன்று மாநில வழக்கறிஞர்களிடம் நானும் கேட்டுக்கொண்டு திரிந்தேன். சட்டத்தின் கணக்கில் என் அக்கா எந்த மாநிலத்தில் இருக்கிறாள்? அவளுக்குப் பதிலாக யார் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லும் அதிகாரம் எந்த ஊர் நீதிமன்றத்துக்கு இருக்கிறது? மூன்று பேரும் மூன்று பதில் சொன்னார்கள். மூன்றிலும் நியாயம் இருந்தது என்பதுதான் என்னை இதை எழுத வைக்கிறது.

நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மயிலாடுதுறை பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றாள். அத்தான் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகத்தான் இருந்தாள். மகள் பெங்களூரில், மகன் கொச்சியில்.

மறதி முதலில் தெரிந்தது கையெழுத்தில். ஒரு நாள் அவளுடைய காசோலை, கையொப்பம் வேறுபடுகிறது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அக்காவின் கையெழுத்தைப் பார்த்துத்தான் சின்ன வயதில் என் கையெழுத்தையே நான் பழகிக்கொண்டேன். தமிழில்தான் போடுவாள். அப்பாவின் இனிஷியல், புள்ளி, பிறகு பெயர். கடைசி எழுத்தின் கால் கீழே இறங்கி முழுப் பெயருக்கும் அடிக்கோடாக ஓடும். திரும்பி வந்த காசோலையில் இனிஷியல் இருந்தது. புள்ளி இருந்தது. அடுத்து மறுபடியும் இனிஷியல், மறுபடியும் புள்ளி. இப்படி நான்கு முறை. பெயருக்குள் போகத் தெரியாமல் பேனா வாசலிலேயே நின்றுவிட்டிருந்தது.

2022 சித்திரையில் மகள் வந்து பெங்களூருக்கு அழைத்துப் போனாள். அங்கே பகலுக்கு ஒரு பெண், இரவுக்கு ஒரு பெண், மருந்து, டயப்பர், பரிசோதனை என்று மாதம் நாற்பதாயிரத்துக்கு மேல் ஆனது. அக்காவிடம் பணம் இல்லாமல் இல்லை. பென்ஷன் மயிலாடுதுறை கணக்கில் மாதா மாதம் விழுந்துகொண்டிருந்தது. அவள் பெயரில் மட்டும் நான்கு வைப்புத்தொகைகள். ஒரு ஓட்டு வீடும் பின்னால் தோட்டமும். அத்தனையும் அவளுடையது, அவளுக்காகச் சேர்த்தது. அதிலிருந்து ஒரு ரூபாய்கூட அவளுடைய மருந்துக்கு எடுக்க முடியவில்லை. என் அக்கா மகள் தன் சம்பளத்தில் கடன் வாங்கி அம்மாவைப் பார்த்துக்கொண்டாள்.

“ஒரு பவர் எழுதி வாங்கிடுங்களேன்” என்று சொல்லாத ஆளில்லை. இந்த ஒரு விஷயத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் நாட்டில் பவர் பத்திரம் என்பது எழுதிக் கொடுத்தவரின் புத்தி தெளிவாக இருக்கும்வரைதான் உயிரோடு இருக்கும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 201வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் எப்படிச் செல்லாதோ, அப்படியே அவர் சித்தம் தவறினாலும் செல்லாது. எந்த நாளுக்குப் பயந்து பவர் எழுதுகிறோமோ அந்த நாள் வரும்போது அது வெறும் காகிதம். சிங்கப்பூரில் 2008லேயே மனத்திறன் சட்டம் கொண்டுவந்து, நினைவு தப்பிய பிறகும் நிலைக்கும் பவருக்கு வழி செய்துவிட்டார்கள். அங்கே இருக்கும் நம் சொந்தக்காரர்கள் பலர் எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே அப்படி ஒன்று இல்லை. அக்காவின் கையைப் பிடித்து இப்போது ஒரு பவரில் கைநாட்டு வைக்க வைப்பது மோசடி. நடக்கிறது, நிறையவே நடக்கிறது. கை நடுங்கி எழுத முடியாதவர் இரண்டு சாட்சிகளோடு கைநாட்டு வைத்துப் பணம் எடுக்க வங்கியில் வழி உண்டுதான். அது கைக்கு வந்த நோய்க்கான வழி. மனதுக்கு வந்த நோய்க்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று நானே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அப்படித் திருப்பி அனுப்பியதில் ஒருவரை மட்டும் மறக்க முடியவில்லை. ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு. விபத்தில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்த ஒருவரின் மனைவி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கையில் வேறொரு மாநில உயர் நீதிமன்றத்தின் ஆணை. கணவருக்கு அவரைப் பாதுகாவலராக நியமித்திருந்தார்கள். கணவர் சிகிச்சையில் இருந்தது அந்த மாநிலத்தில், கணக்கு இருந்தது என் கிளையில். நான் ஆணையைப் படித்தேன், முத்திரையைப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஆனாலும் இது நம்மைக் கட்டுப்படுத்துமா என்று சட்டப் பிரிவுக்கு எழுதிப் போட்டேன். அந்த அம்மா வாரா வாரம் வந்தார். ஒன்பதாவது வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் இறப்புச் சான்றிதழோடு வந்தார். நாமினி அவர்தான். பத்தே நாளில் பணத்தைக் கொடுத்துவிட்டேன். “இதை அவர் இருக்கும்போது குடுத்திருந்தா ஆஸ்பத்திரி மாத்தியிருப்பேன் மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இந்தியாவின் எந்தப் பகுதியில் நடந்த நீதிமன்ற நடவடிக்கைக்கும் நாடு முழுக்க முழு நம்பிக்கையும் மதிப்பும் தர வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 261வது பிரிவு சொல்கிறது. அது அன்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் தைரியமாகப் பணத்தைக் கொடுத்திருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம், கிளை மேலாளர் கையில் இருக்கும் விதிப் புத்தகத்தில் செத்துப்போனவருக்கு வழி எழுதியிருக்கிறது. நினைவு போனவருக்கு அவ்வளவு தெளிவாக எழுதவில்லை.

செத்துப்போனவருக்கு எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். ஒருவர் நாமினி போடாமல் இறந்துவிட்டால், அவர் சாகும்போது வழக்கமாக எங்கே குடியிருந்தாரோ அந்த ஊர் மாவட்ட நீதிமன்றத்தில் வாரிசுரிமைச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டும். நிலையான குடியிருப்பு இல்லாதவரென்றால் அவர் சொத்தில் ஏதாவது ஒரு பங்கு எங்கே இருக்கிறதோ அங்கே. அந்தச் சான்றிதழ் இந்தியா முழுக்கச் செல்லும். என் பணிக்காலத்தில் மும்பை, ஐதராபாத், கொல்கத்தா என்று எந்த ஊர் நீதிமன்றச் சான்றிதழ் வந்தாலும் ஒரு கேள்வி கேட்காமல் பணம் கொடுத்திருக்கிறேன்.

குழந்தைகளுக்கு அதற்கும் முன்னாலேயே எழுதிவிட்டார்கள். 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம், 9வது பிரிவு: பிள்ளையின் பொறுப்பு யாருக்கு என்றால் பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றம், சொத்துப் பொறுப்பு என்றால் பிள்ளை வசிக்கும் இடமோ, சொத்து இருக்கும் இடமோ. பிறந்தவருக்கு இடம் சொல்லியாயிற்று, இறந்தவருக்கும் சொல்லியாயிற்று. எழுபத்தாறு வயதில், உயிரோடு, பசிக்கிறது என்று சொல்லத் தெரிந்து, தேதி சொல்லத் தெரியாமல் இருக்கும் என் அக்காவுக்கு இல்லை.

முன்பு இருந்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில், மனநோய் உள்ளவர் வசிக்கும் பகுதியின் மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு, விசாரணை நடத்தி, சொத்துக்கு ஒரு மேலாளரை நியமிக்க வழி இருந்தது. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய மனநலப் பாதுகாப்புச் சட்டம் அதை எடுத்துவிட்டது. எடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007ல் ஏற்றுக்கொண்டது. ஒருவருக்குப் பைத்தியம் என்று பட்டம் கட்டி, அவர் சொத்து முழுவதையும் இன்னொருவர் கையில் கொடுக்கும் பழைய வழக்கம் அந்த உடன்படிக்கைக்கு ஒத்துவராது. அந்த எண்ணத்தை நானும் மனதார ஏற்கிறேன். ஆனால் புதிய சட்டத்தில் வரும் நியமனப் பிரதிநிதி, சிகிச்சை பற்றி மட்டும்தான் முடிவு சொல்ல முடியும். வைப்புத்தொகையைத் தொட முடியாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. மாவட்ட நீதிமன்றமோ, மாநில அரசு குறிப்பிடும் அதிகாரியோ நியமிக்கலாம். அந்தச் சட்டத்தின் அட்டவணையில் பார்க்கின்சன் நோய்க்குப் பெயர் இருக்கிறது, மறதி நோய்க்குப் பெயர் இல்லை. மாநிலம் விட்டு மாநிலம் போனவருக்கு எந்த மாவட்டம் என்ற பேச்சும் அந்தப் பிரிவில் இல்லை.

ஆகவே மிச்சம் இருப்பது உயர் நீதிமன்றம். அரசியல் சாசனத்தின் 226வது பிரிவின்கீழ் ரிட் மனு. தன்னைக் காத்துக்கொள்ள முடியாதவருக்கு அரசே தாய் தகப்பன் என்ற பழைய கோட்பாட்டை வைத்து நீதிபதிகள் வழி செய்கிறார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2019ல் நெறிமுறைகளே வகுத்துக் கொடுத்தது: மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரி நேரில் போய்ப் பார்க்க வேண்டும், பாதுகாவலர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும். டெல்லி உயர் நீதிமன்றம் 2020ல் தனக்கென்று ஒன்று வகுத்தது. சென்னையில் 2024ல், கோமாவில் இருந்த கணவரின் சொத்தை விற்றுச் சிகிச்சை பார்க்க மனைவி கேட்டபோது, தனி நீதிபதி சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிட, இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி அனுமதி கொடுத்தது. கருணையுள்ள தீர்ப்புகள். ஆனால் ஒவ்வொன்றும் தன் மாநில எல்லைக்குள் நிற்பது. எல்லை தாண்டிக் குடிபோன ஒரு கிழவிக்கு இவற்றில் எது?

சென்னை வழக்கறிஞர் சொன்னார்: “மேடம், அம்மா இருக்கறது பெங்களூர்ல. மெடிக்கல் போர்டு அங்கதான் பாக்கணும், தாசில்தார் அங்கதான் போகணும். இங்க போட்டா நம்பர் ஆகறதுக்கு முன்னாடியே கேள்வி வரும்.” பெங்களூர் வழக்கறிஞர் சொன்னார்: “பேங்க் தமிழ்நாட்டில், வீடு தமிழ்நாட்டில், சார்பதிவாளர் தமிழ்நாட்டில். எதிர்மனுதாரர் ஒருவர்கூட இங்கே இல்லையே.” வழக்குக்கான காரணத்தில் ஒரு பகுதி தன் எல்லைக்குள் எழுந்தாலே உயர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று அதே 226வது பிரிவு சொல்வதால், இரண்டு இடத்திலும் போடலாம் என்றும் வாதாடலாம், இரண்டு இடத்திலும் கூடாது என்றும் வாதாடலாம்.

மூன்றாவது யோசனை கொச்சியிலிருந்து வந்தது. மகனுக்குத் தெரிந்த வழக்கறிஞர் சொன்னாராம்: கேரளாவில் நடைமுறை தெளிவாக இருக்கிறது, அம்மாவை இரண்டு மாதம் இங்கே கொண்டுவந்து வையுங்கள், இங்கேயே போட்டுவிடலாம். மகன் தங்கமான பிள்ளை. அவனும் அவன் அக்காளும் ஒரு நாள்கூடச் சண்டை போட்டதில்லை. அதனால்தான் அந்த யோசனை எனக்கு வயிற்றைக் கலக்கியது. நல்ல பிள்ளை இரண்டு மாதத்துக்குக் கொச்சிக்குக் கூட்டிப்போகலாம் என்றால், கெட்ட பிள்ளையும் கூட்டிப்போகலாம். காரில் ஏற்றினால் எங்கே போகிறோம் என்று கேட்கத் தெரியாத தாயை எந்த ஊரில் கொண்டுபோய் வைக்கிறானோ அந்த ஊர் நீதிமன்றத்தில் அவன் பாதுகாவலன் ஆகலாம். மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிவதற்குள் வீடு கைமாறிவிடும். இரண்டு பிள்ளைகள் இரண்டு உயர் நீதிமன்றங்களில் இரண்டு ஆணை வாங்கினால் எது செல்லும்? யாரிடம் கேட்டும் எனக்கு உறுதியான பதில் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில் ஐம்பது மாநிலங்கள், ஐம்பது சட்டங்கள். அங்கே இது முற்றிப்போய், பாட்டியைத் தூக்கிக்கொண்டு போவது என்றே பேச்சு வழக்கில் பெயர் வைத்துவிட்டார்கள். 2007ல் மாநிலங்களுக்குப் பொதுவான ஒரு மாதிரிச் சட்டம் எழுதி, பெரும்பாலான மாநிலங்கள் அதை நிறைவேற்றிக்கொண்டன. அதில் முதல் உரிமை சொந்த மாநிலத்துக்கு. மனுப் போடும் நாளுக்கு முன் ஆறு மாதம் தொடர்ந்து அந்த நபர் எங்கே இருந்தாரோ அதுதான் சொந்த மாநிலம். அடுத்தது, அவருக்கு ஆழமான தொடர்புள்ள மாநிலம். எந்த நீதிமன்றம் பொருத்தம் என்று இரு மாநில நீதிபதிகளும் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை என்று ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். அதில் முதலாவதாக நிற்பது, சம்பந்தப்பட்டவர் தன் விருப்பம் என்று எதையாவது சொல்லியிருக்கிறாரா என்பது. தகாத வழியில் ஆளைக் கொண்டுவந்து அதிகாரம் தேடிக்கொண்டதாகத் தெரிந்தால் நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுக்கலாம். குடும்பம் வேறு மாநிலத்துக்குப் போனால் வழக்கையும் அங்கே மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாநிலத்து ஆணையை இன்னொரு மாநிலத்தில் பதிவு செய்துகொண்டால் அங்கேயும் செல்லும். அந்த நாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்லவில்லை. பாதுகாவலர் என்ற பெயரில் முதியவர்களைச் சூறையாடிய கதைகள் அங்கே ஏராளம். ஆனால் எந்தக் கதவைத் தட்டுவது என்ற கேள்விக்காவது ஒரு பதிலை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நாங்கள் என்ன செய்தோம் என்று சொல்கிறேன். அக்காவை மயிலாடுதுறைக்கே கூட்டிவந்தோம். வழக்குக்காகத்தான் கூட்டிவந்தோம், வேறு காரணம் சொல்ல மாட்டேன். பெங்களூரிலிருந்து ராத்திரி ரயில். மகள் மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தாள். நான் கூடவே இருந்தேன்.

அந்த வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 1984ல் அத்தான் வாங்கியபோது பத்திரத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்று எழுதியிருக்கிறது. 1991க்குப் பிறகு வந்த வரி ரசீதுகளில் நாகப்பட்டினம் மாவட்டம். 2020க்குப் பிறகு மயிலாடுதுறை மாவட்டம். வீடு ஒரு அடி நகரவில்லை. மருத்துவமனையில் அக்கா சொன்ன பதில் எங்கிருந்து வந்தது என்று பத்திரத்தைப் பிரித்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவள் ஊரைச் சொல்லவில்லை. வீட்டைச் சொல்லியிருக்கிறாள்.

வந்த நாலாம் நாள் காலையில், பெங்களூரில் படுக்கையைவிட்டு எழுப்பவே ஆள் வேண்டியிருந்தவள், தானாக எழுந்து கொல்லைப்புறம் போய்க் கிணற்றடியில் நின்றாள். பால்காரர் மணி அடித்தபோது பாத்திரத்தோடு வாசலுக்குப் போனாள். அவர் பெயர் தெரியவில்லை, ஆனால் “நேத்து ஏன் வரலை?” என்று கேட்டாள். நேற்று அவர் வந்திருந்தார். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஏதோ ஒரு நேற்று அது.

சென்னையில் மனு நம்பர் ஆயிற்று. மருத்துவப் பரிசோதனை தமிழில் நடந்தது, ஏறக்குறைய அதே முப்பது கேள்விகள். மதிப்பெண் 14. நோய் குறையவில்லை, இந்த நோய் குறையாது. 9க்கும் 14க்கும் நடுவே இருந்த ஐந்து மதிப்பெண்ணும் மொழியும் வீடும் சேர்ந்து கொடுத்தவை. ஒருவருக்கு எவ்வளவு புரிகிறது என்று அளந்துதான் நீதிமன்றம் அவர் உரிமையில் கைவைக்கிறது. அவருக்குப் புரியாத மொழியில், புரியாத அறையில் அளந்தால், இருக்கும் புத்தியையும் இல்லை என்று எழுதிவிடுவோம். எந்த நீதிமன்றம் என்ற கேள்வியை நான் வெறும் அலைச்சல் கணக்காக நினைத்திருந்தேன். அந்த இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

பிறகு தாசில்தார் வந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். கூட ஒரு கிராம நிர்வாக அலுவலர். திண்ணையில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர்களை அக்கா நிமிர்ந்து பார்த்து, “லேட்டா வந்தா வெளியதான் நிக்கணும்” என்றாள். தாசில்தார் சிரிக்கவில்லை. “சாரி டீச்சர்” என்று சொல்லிவிட்டு நின்றார். “சரி, உக்காருங்க” என்று அவள் சொன்ன பிறகுதான் உட்கார்ந்தார். அந்தத் தம்பிக்கு நான் என்றைக்கும் நன்றி சொல்வேன்.

எங்கள் மனுவில் இரண்டு கோரிக்கைகள். பென்ஷனையும் வைப்புத்தொகையையும் அம்மாவின் செலவுக்கு எடுக்க அனுமதி. வீட்டை விற்க அனுமதி. மகளும் மகனும் கலந்து பேசி, எனக்கும் சம்மதமாகிப் போட்டதுதான். பெயர், வயது, பிள்ளைகள் பெயர் என்று கேட்டுக்கொண்டே வந்த தாசில்தார், பேச்சோடு பேச்சாக, “டீச்சர், இந்த வீட்டை வித்துடலாமா?” என்றார். அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். கூடத்துத் தூணில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்: “வித்துட்டா நான் எங்க வருவேன்?”

அவர் அதைத் தமிழில் அப்படியே அறிக்கையில் எழுதினார். வைப்புத்தொகைக்கும் பென்ஷனுக்கும் அனுமதி கிடைத்தது. வீட்டை வாடகைக்கு விடலாம், விற்பதென்றால் தனியாக மனுப் போட்டுக் கேட்க வேண்டும் என்று ஆணை வந்தது. மகள் அதைப் படித்துவிட்டு, “நாம அம்மாகிட்ட கேக்கவே இல்லையே சித்தி” என்றாள். நானும் கேட்கவில்லை. 30க்கு 9 என்ற தாளை நம்பி, கேட்டுப் பயனில்லை என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம்.

அறுபது வயதைத் தாண்டிய இந்தியர்களில் ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023ல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. நூறு பேரில் ஏழு பேருக்கு மேல். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று நம் தெருவில் எண்ணிப் பார்த்தாலே தெரியும். பிறந்த ஊரில் நோய் வந்து, பிள்ளை இருக்கும் மாநிலத்தில் படுத்து, சொத்து இரண்டு இடத்திலும் சிதறிக் கிடக்கும் முதுமைதான் இனி வழக்கமான முதுமை. எல்லாரையும் எங்களைப் போல ரயிலில் ஏற்றித் திரும்பக் கொண்டுவர முடியாது. வென்டிலேட்டரில் கிடப்பவரை எப்படிக் கொண்டுவருவது? மூன்று மாதம் விடுப்புப் போட எத்தனை மகள்களுக்கு முடியும்?

இதற்கு நாடாளுமன்றம்தான் சட்டம் செய்ய வேண்டும். மனநலம் பொதுப் பட்டியலில் இருப்பதால் மாநிலமும் செய்யலாம், ஆனால் தமிழ்நாடு எழுதும் சட்டம் ஓசூர் தாண்டிச் செல்லாது. பெரிய சட்டம் வேண்டாம், பழைய சட்டங்களில் இருப்பதை எடுத்துப் பொருத்தினாலே போதும். அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்துக்கு வர வேண்டும். உயர் நீதிமன்றத்தில் ரிட் போட ஆகும் செலவு ஒரு சாதாரண பென்ஷன் குடும்பத்துக்கு எட்டாது. எந்த மாவட்டம் என்பதற்கு, 1890லும் 1925லும் எழுதியதுபோல, வழக்கமாக வசிக்கும் இடம் என்று ஒரு வரி வேண்டும். அதோடு, வழக்குக்காக ஆளை நகர்த்தியவருக்கு அந்த இடம் உதவக் கூடாது என்று இன்னொரு வரி. நாங்களே அக்காவை நகர்த்தியவர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: நீதிமன்றம் எங்களையும் கேட்டிருக்க வேண்டும், ஏன் கூட்டிவந்தீர்கள் என்று. வாரிசுரிமைச் சான்றிதழ்போல அந்த ஆணை இந்தியா முழுக்கச் செல்ல வேண்டும். கிளை மேலாளரின் விதிப் புத்தகத்தில் அது அச்சாக வேண்டும். பரிசோதனையும் விசாரணையும் அந்த நபர் இன்னும் பேசும் மொழியில் நடக்க வேண்டும். அவர் வேறு மாநிலத்தில் இருந்தால் காணொலியில் அவர் மொழி தெரிந்த ஓர் அதிகாரி பேசட்டும். கொரோனாவுக்குப் பிறகு நீதிமன்றங்களுக்கு இது புதிதும் இல்லை.

இன்னொன்றும் பாக்கி இருக்கிறது. அதில்தான் இப்போது நாங்கள் நிற்கிறோம். விடுப்பு முடிந்து அக்காவை மகள் பெங்களூருக்குத் திரும்பக் கூட்டிப்போய்விட்டாள். ஆணைப்படி ஆறு மாதத்துக்கு ஒரு முறை சென்னையில் அறிக்கை தர வேண்டும்: அம்மா எப்படி இருக்கிறார், எவ்வளவு எடுத்தோம், எதற்குச் செலவு செய்தோம். மகள் ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வைக்கிறாள், நான் கணக்கு எழுதித் தருகிறேன். ஆனால் ரசீது சரியா என்று பார்க்கலாமே தவிர, அக்கா சரியாக இருக்கிறாளா என்று சென்னையிலிருந்து யார் போய்ப் பார்ப்பது? இந்த வழக்கைப் பெங்களூருக்கு மாற்றி, அங்கேயுள்ள நீதிமன்றம் நேரில் ஆள் அனுப்பிப் பார்க்கும்படி செய்ய முடியுமா என்று வழக்கறிஞரிடம் கேட்டேன். அதற்கு வழி எதுவும் இல்லை மேடம், புதிதாகத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்றார்.

அடுத்த அறிக்கை தை மாதம். போன முறை மகள் வீடியோவில் காட்டினாள். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து, மடியில் விரித்த பழைய நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாள். கேமராவைக் கிட்டே கொண்டுபோகச் சொன்னேன். இனிஷியல், புள்ளி, இனிஷியல், புள்ளி. பக்கம் முழுக்க.